ஜே.சி.பி. ஒரு இழுப்பு... நாலு தெருவில் 'நெட்' அவுட்! முடி மொத்த கண்ணாடியில் இன்டர்நெட் ஓடுவது எப்படி?

சென்னை,

மழைநீர் கால்வாய் வேலைக்காக ரோட்டோரம் ஜே.சி.பி. எந்திரம் பள்ளம் தோண்டுகிறது. ஒரே ஒரு இழுப்பு. மண்ணோடு சேர்ந்து விரல் மொத்தத்தில் ஒரு கறுப்பு கேபிளும் அறுந்து மேலே வருகிறது. டிரைவர் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேலையை தொடர்கிறார்.

அடுத்த நொடியே நாலு தெருவில் இன்டர்நெட் அவுட்! பிள்ளையின் ஆன்லைன் பாடம் பாதியில் நிற்கிறது. ஜெராக்ஸ் கடையில் சாதி சான்றிதழ், வருமான சான்றிதழ் விண்ணப்பிக்க வந்தவர்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். வீட்டில் இருந்தே கம்பெனி வேலை பார்க்கும் வாலிபர் செல்போனை தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறார்.

கேபிள்காரருக்கு போன் மேல் போன்.

"அண்ணே, நெட் எப்ப வரும்?"

"பைபர் கட்டும்மா. ஜாயின்ட் அடிக்கணும். ராத்திரி ஆயிடும்."

அறுந்த கரண்டு ஒயர் என்றால் முறுக்கி டேப் சுற்றினால் வேலை முடிந்தது. இதற்கு மட்டும் ஏன் ராத்திரி வரை ஆகிறது?

காரணம் இதுதான். அந்த கேபிளுக்குள் செய்தியை கொண்டுபோவது கரண்டு அல்ல, கம்பியும் அல்ல. உள்ளே இருப்பது கண்ணாடி. அதில் ஓடுவது வெளிச்சம்!

தலைமுடி மொத்தம்தான்

கேபிளின் கறுப்பு தோலை உரித்தால் உள்ளே சின்ன சின்ன பிளாஸ்டிக் குழாய்கள். அதற்குள் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று கலர் கலராக நூல்கள் இருக்கும். அந்த கலர் பூச்சையும் உரித்தால் வருவதுதான் கண்ணாடி இழை. மொத்தம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. தலைமுடியை விட லேசாக தடிமன், அவ்வளவே.

இந்த இழைக்குள்ளேயும் இரண்டு அடுக்கு உண்டு. நடுவில் ஒரு கண்ணாடி, அதை சுற்றி இன்னொரு கண்ணாடி. நடுவில் இருப்பதில்தான் வெளிச்சம் போகிறது. அதன் மொத்தம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட கிடையாது!

வெளிச்சம் ஏன் பக்கவாட்டில் வெளியே கசியாது? கிணற்றில் முங்கி குளித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தண்ணீருக்குள் இருந்து சாய்வாக மேலே பார்த்தால், தண்ணீர் பரப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும். வெளியே இருப்பது தெரியாது. சாய்வாக வரும் வெளிச்சம் வெளியே போகாமல் தண்ணீருக்குள்ளேயே திரும்பி விடுவதுதான் காரணம்.

அதே வித்தைதான் இங்கும். நடு கண்ணாடியையும் சுற்று கண்ணாடியையும் கொஞ்சம் வேறு வேறு பக்குவத்தில் செய்கிறார்கள். உள்ளே விட்ட வெளிச்சம் ஓரத்துக்கு போனாலும் மறுபடி உள்ளேயே திரும்பி, மறுமுனை வரை ஓடிவிடுகிறது.

எரியுது... அணையுது...

சரி, வெளிச்சத்தில் சினிமா படமும் வீடியோ காலும் எப்படி போகும்?

கம்ப்யூட்டருக்கு தெரிந்தது இரண்டே எழுத்து. ஒன்று, பூஜ்ஜியம். படம், பாட்டு, போட்டோ எல்லாமே அதற்கு ஒன்றும் பூஜ்ஜியமும்தான். லேசர் விளக்கு எரிந்தால் ஒன்று. மங்கினால் பூஜ்ஜியம். சிறுவயதில் டார்ச் லைட்டை அடித்து அணைத்து எதிர்வீட்டு நண்பனுக்கு சிக்னல் கொடுத்தோமே, அதே சமாச்சாரம்தான்.

என்ன வித்தியாசம் என்றால் வேகம். வீடுகளுக்கு வரும் சாதாரண பைபர் இணைப்பில், விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று நொடிக்கு சுமார் 250 கோடி தடவை கணக்கு பார்க்கப்படுகிறது!

இங்கே ஒரு தப்பான எண்ணத்தை சொல்லியாக வேண்டும். "வெளிச்சம் வேகமா ஓடும், அதனாலதான் பைபர் பாஸ்ட்" என்று கடைக்காரர் முதல் காலேஜ் பையன் வரை சொல்கிறார்கள். அது சரியல்ல. கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. பழைய செம்பு டெலிபோன் கம்பியிலும் சிக்னல் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் போனது. ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இரண்டு விஷயத்தில். ஒரு நொடிக்குள் எத்தனை 'ஒன்று, பூஜ்ஜியம்' ஏற்ற முடிகிறது என்பது ஒன்று. எவ்வளவு தூரம் போனாலும் அது தேயாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று. செம்பு கம்பியில் எக்சேஞ்சில் இருந்து ஒரு சில கிலோமீட்டர் தள்ளிப்போனாலே சிக்னல் நொண்டி அடித்துவிடும். ரோடு அதேதான், ஆனால் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றுவதும் கூட்ஸ் ரெயிலில் ஏற்றுவதும் ஒன்றாகுமா?

2004-ம் ஆண்டு மத்திய அரசு 'பிராட்பேண்ட்' என்றால் குறைந்தது 256 கே.பி.பி.எஸ். வேகம் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. அந்த வேகத்தில் ஒரு சி.டி. அளவுள்ள 700 எம்.பி. படத்தை இறக்க 6 மணி நேரம் ஆகும். இன்றைய 100 எம்.பி.பி.எஸ். பைபர் இணைப்பில் அதே படம் 1 நிமிடத்துக்குள் வந்துவிடும். (இந்த எம்.பி.பி.எஸ். டாக்டர் படிப்பு இல்லை. நொடிக்கு எத்தனை மெகா 'பிட்' என்ற கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு 'பைட்'. அதனால் 100 எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்கு 12½ எம்.பி.தான் இறங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு போகவேண்டாம்.)

ஜன்னல் கண்ணாடி உதவாது

கண்ணாடி கடையில் ஜன்னல் கண்ணாடியின் வெட்டிய ஓரத்தை பாருங்கள். பச்சையாக இருக்கும். அதில் கலந்துள்ள இரும்பு போன்ற அழுக்குகள்தான் காரணம். அந்த கண்ணாடியில் நூல் இழுத்தால் வெளிச்சம் சில மீட்டர் தூரத்திலேயே செத்துவிடும்.

1960-களில் விஞ்ஞானிகளுக்கு இதுதான் தலைவலி. கண்ணாடி நூலில் வெளிச்சத்தை வளைத்து படத்தை கடத்தலாம் என்று 1954-ல் லண்டனில் நிரூபித்து காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாப்காரரான நரிந்தர் சிங் கபானி. 'பைபர் ஆப்டிக்ஸ்' என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் அந்த இழைகளில் வெளிச்சம் நீண்டதூரம் தாங்கவில்லை.

"குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் உள்ள அழுக்கில்தான்" என்ற கருத்தை 1966-ல் இங்கிலாந்தில் வேலை பார்த்த சார்லஸ் காவோ எடுத்துச்சொன்னார். ஒரு கிலோமீட்டர் தாண்டியும் நூறில் ஒரு பங்கு வெளிச்சம் மிஞ்சினாலே டெலிபோனுக்கு போதும் என்று கணக்கு போட்டு கொடுத்தார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி கம்பெனி அந்த இலக்கை தாண்டியது. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் போனபிறகும் பாதி வெளிச்சம் மிஞ்சுகிறது!

காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. கபானிக்கு அதில் பங்கு இல்லை. நம்மவர்களுக்கு அந்த ஆதங்கம் இன்றும் உண்டு. 2020-ல் காலமான அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

சென்னை கடலுக்குள்...

நம்ம ஊருக்கும் இந்த கண்ணாடி நூலுக்கும் பெரிய சம்பந்தம் உண்டு. இந்தியாவில் கடலடி கேபிள்கள் கரை ஏறும் முக்கிய இடங்களில் மும்பைக்கு அடுத்து சென்னைதான். சிங்கப்பூரில் இருந்து வரும் கேபிள்கள் வங்காள விரிகுடா வழியாக வந்து இங்கே கரை சேருகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசினால், அந்த பேச்சு பெரும்பாலும் வானத்தில் போவதில்லை. கடலுக்கு அடியில்தான் போகிறது.

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந்தேதி சென்னை - அந்தமான் கடலடி கேபிளை பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். நீளம் சுமார் 2 ஆயிரத்து 300 கிலோமீட்டர். அதற்கு முன்பு அந்தமானில் இருப்பவர்கள் செயற்கைகோளை நம்பி இருந்தார்கள். அந்த செயற்கைகோள் இருப்பது 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில். ஒரு வார்த்தை மேலே போய் கீழே வருவதற்குள் கால் வினாடி போய்விடும். கண்ணாடி நூலில் சென்னையில் இருந்து அந்தமானுக்கு சுமார் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது.

ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் தோட்டத்துக்கு தண்ணீர் விடும் ஓஸ் பைப் அளவுதான். வெளிச்சம் தேயும்போது அதை மறுபடி தூக்கிவிட 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு கருவி வைத்திருப்பார்கள். அதற்கு மட்டும் கரையில் இருந்து மின்சாரம் போகும். வீட்டு இணைப்புக்கு அந்த கவலை கிடையாது. எக்சேஞ்சில் இருந்து 20 கிலோமீட்டர் வரை நடுவில் கரண்டே தேவை இல்லாமல் வெளிச்சம் வந்துவிடும்.

ஒரு நூல், 32 வீடு

எக்சேஞ்சில் இருந்து உங்கள் வீட்டுக்கு என்று தனி நூல் வருவதில்லை. ஒரு நூல் உங்கள் ஏரியா வரை வரும். கம்பத்தில் கட்டியிருக்கும் பெட்டிக்குள் 'ஸ்பிளிட்டர்' என்று ஒரு சின்ன சாமான் இருக்கிறது. அது ஒரு வெளிச்சத்தை 32 அல்லது 64 ஆக பிரித்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புகிறது. எல்லா வீட்டு சரக்கும் எல்லா வீட்டுக்கும் வரும். ஆனால் பூட்டு போட்டு வரும். உங்கள் வீட்டு பெட்டி உங்களுடையதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும்.

இந்த ஒரு நூலில் வருவது மொத்தம் சுமார் 2 ஆயிரத்து 500 எம்.பி.பி.எஸ். இதை 64 வீடும் ஒரே நேரத்தில் முழுசாக இழுத்தால் ஆளுக்கு 39-தான். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பது அபூர்வம் என்ற தைரியத்தில்தான் ஆளுக்கு 100, 200 என்று பிளான் விற்கிறார்கள். கிரிக்கெட் மேட்ச் அன்று ராத்திரி படம் சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜாயின்ட் அடிப்பது சும்மா இல்லை

இப்போது ஜே.சி.பி. அறுத்த கேபிளுக்கு வருவோம்.

முதலில் எங்கே அறுந்தது என்று தெரியவேண்டும். ஊழியர் ஒரு முனையில் கருவியை மாட்டி வெளிச்ச துடிப்பு ஒன்றை அனுப்புவார். அறுந்த இடத்தில் மோதி அது எதிரொலி மாதிரி திரும்பி வரும். வந்த நேரத்தை வைத்து எத்தனை மீட்டரில் கோளாறு என்று கருவி சொல்லிவிடும்.

அப்புறம்தான் பாடு. கேபிளில் 24 நூல், 48 நூல், 96 நூல் என்று இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டவேண்டும். கலர் பூச்சை உரித்து, ஸ்பிரிட் போட்டு துடைத்து, முனையை நேராக வெட்டி, இரண்டு முனையையும் மெஷினில் எதிரெதிராக வைக்க வேண்டும். மெஷின் அவற்றை உட்புற கண்ணாடி ஒன்றுக்கொன்று நேராக வரும்படி நகர்த்தி, மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறது. துளி தூசி இருந்தாலும் வேலை கெட்டது. மறுபடி முதலில் இருந்து. நீலத்தோடு நீலம், ஆரஞ்சோடு ஆரஞ்சு என்று கலர் மாறாமல் சேர்க்க வேண்டும். மாறினால் ஒருவர் வீட்டுக்கு போகவேண்டியது வேறு எங்கோ போய்விடும்.

இத்தனையும் சாக்கடை ஓரத்தில், குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் நடக்கிறது. வெட்டிய கண்ணாடி துணுக்கு கண்ணுக்கு தெரியாது. விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். மறுநாள் காலையில் "நெட் வந்துடுச்சு" என்று நாம் செல்போனை திறக்கும்போது அந்த பையன்கள் அப்போதுதான் படுக்க போயிருப்பார்கள்.

செம்பு இருக்கும் என்று நினைத்து கேபிளை அறுத்து செல்லும் திருடர்களும் உண்டு. எரித்து பார்த்தால் மிஞ்சுவது உருகிய பிளாஸ்டிக்கும் கண்ணாடி தூளும்தான். பழைய இரும்பு கடையில் நாலணா கூட கிடைக்காது. ஆனால் ஏரியா முழுக்க நெட் போய்விடும்.

கண்டபடி தோண்டி கேபிள்களை சேதப்படுத்துவதால் நாட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 3 ஆயிரம் கோடி ரூபாய் நஷ்டம் என்பது மத்திய அரசு சொன்ன கணக்கு. இதை தடுக்க 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் 'கால் பிபோர் யூ டிக்' என்ற செல்போன் ஆப் தொடங்கப்பட்டது. தோண்டுபவர் அதில் இடத்தை குறிப்பிட்டால், அங்கே கேபிள் புதைத்தவருக்கு தகவல் போகும். குடிநீர் குழாய்க்காக வீட்டு முன்பு ஆள் வைத்து தோண்டும் முன்பு கான்டிராக்டரிடம் இதை கேட்டு பார்க்கலாம். பலருக்கு இந்த ஆப் இருப்பதே தெரியாது என்பதுதான் வேதனை.

வீட்டு பெட்டியில் சிவப்பு விளக்கா?

நெட் நின்றால் கேபிள்காரருக்கு போன் போடும் முன்பு வீட்டு பெட்டியை பாருங்கள். 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் வெளிச்சம் வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். பெட்டியை எத்தனை தடவை ஆப் செய்து ஆன் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. "சிவப்பு லைட் மின்னுது" என்று சொன்னாலே அவருக்கு பாதி விஷயம் புரிந்துவிடும். சிவப்பு இல்லாமல் நெட் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்.

வீட்டுக்குள் வரும் மெல்லிய ஒயரை ஆணி அடித்து நசுக்குவது, கதவு இடுக்கில் விடுவது, மடித்து கட்டுவது எல்லாம் கூடாது. அதிகமாக வளைந்தால் வெளிச்சம் வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். அறுந்து போகாமலே நெட் நொண்டுவதற்கு பல வீடுகளில் இதுதான் காரணம். பெட்டியை இரும்பு பீரோவுக்கு பின்னால் மறைத்து வைத்தாலும் வை-பை மங்கும்.

முக்கியமான விஷயம் ஒன்று. அறுந்த ஒயரின் முனையை "லைட் வருதா பார்ப்போம்" என்று கண்ணுக்கு நேராக பிடிக்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்கு தெரியாத ரகம். தெரியாது என்பதற்காக அது இல்லை என்று அர்த்தம் இல்லை. தெருவில் தொங்கும் அறுந்த துண்டுகளை வைத்து குழந்தைகள் விளையாடினாலும் வாங்கி அப்புறப்படுத்துங்கள். கண்ணாடி துணுக்கு குத்தும்.