பந்தயத்தில் பிழைத்தவர்கள் சாலையில் மடிந்தது ஏன்?

சோழவரம் ஓடுதளம் சொல்லும் பாடம்

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பெரிய சாலையில், செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம் வருகிறது. அந்த ஊரின் ஏரி சென்னை மக்களுக்குக் குடிநீர் தருகிறது. அதனால் சோழவரம் என்றால் எல்லோருக்கும் ஏரிதான் நினைவுக்கு வரும்.

ஆனால் ஒரு காலத்தில் அந்த ஊர் இன்னொன்றுக்கும் பெயர் பெற்று இருந்தது. அதுதான் கார் பந்தயம்!

இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்கள் இறங்குவதற்காகச் சோழவரத்தில் ஓடுதளம் அமைத்தார்கள். போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. ஓடுதளம் மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது.

1953-ம் ஆண்டில் "மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்" தொடங்கப்பட்டது. அந்தச் சங்கத்தினரின் கண்ணில் இந்த ஓடுதளம் பட்டது. விமானம் ஓடிய இடத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறிப் பாய்ந்தன. 1950-களில் தொடங்கிய பந்தயங்கள் 1980-களின் இறுதிவரை அங்கே நடந்தன. பல்லாயிரம் பேர் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பம்பரமாகச் சுற்றும் கார்

பந்தயத்தில் கார் கையை மீறிப் போவது புதிதல்ல. திருப்பத்தில் வேகம் ஒரு பிடி கூடிவிட்டால் போதும். காரின் பின்பக்கம் நழுவும். கார் பம்பரம் போலச் சுற்றும். புழுதி கிளம்பும். பார்ப்பவர்களுக்கு மூச்சே நின்றுவிடும்.

புழுதி அடங்கும்போது பார்த்தால், பல நேரங்களில் ஓட்டியவர் காருக்குள் முழுசாக உட்கார்ந்து இருப்பார்! என்ஜினைக் கிளப்பிக்கொண்டு மறுபடியும் பந்தயத்தில் சேர்ந்துகொள்வார்.

இது எப்படி? காரணம், ஓடுதளத்தைச் சுற்றிலும் திறந்த வெளிதான். சாலை ஓரத்தில் இருப்பது போல மரம் இல்லை. எதிரே லாரி வராது. குறுக்கே மாடு வராது. தப்பு செய்தவனை மன்னிக்க அங்கே இடம் இருந்தது.

ஊர்ச் சாலையில் அந்த இடம் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அதுதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு.

உலக சாம்பியனுக்கு நேர்ந்த கதி

இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்தவர் மைக் ஹாதர்ன். 1958-ம் ஆண்டில் "பார்முலா ஒன்" கார் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இங்கிலாந்துக்காரர் அவர்தான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் அவருடைய உயிர் நண்பர் பீட்டர் காலின்ஸ் இறந்து போனார். ஹாதர்ன் மனம் உடைந்தார். பட்டம் கிடைத்த கையோடு, "இனிப் பந்தயமே வேண்டாம்" என்று விலகிக்கொண்டார்.

மூன்று மாதம்தான் ஆயிற்று. 1959-ம் ஆண்டு ஜனவரி 22-ந்தேதி. மழையில் நனைந்த சாலை. கில்டுபோர்டு என்ற ஊருக்கு அருகே ஹாதர்ன் தன்னுடைய ஜாகுவார் காரில் வேகமாகப் போனார். முன்னால் போன ஒரு காரை முந்தினார். அடுத்த கணம் கார் வழுக்கியது. எதிரே வந்த லாரியில் உரசி, மரத்தில் போய் மோதியது.

அந்த இடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 29.

உலகத்தின் கொடிய பந்தயக் களங்களில் எல்லாம் பிழைத்து வந்தவரை, ஒரு சாதாரண சாலை கொன்றுவிட்டது!

சென்னையில் நடந்த பரிதாபம்

இப்படி ஒரு சோகம் நம் ஊரிலும் நடந்தது.

அஸ்வின் சுந்தர் சென்னையைச் சேர்ந்த பந்தய வீரர். தேசிய சாம்பியன் பட்டம் வென்றவர். காரும் ஓட்டுவார், மோட்டார் சைக்கிளும் ஓட்டுவார்.

2017-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி. நள்ளிரவு தாண்டிய நேரம். அவரும் அவருடைய மனைவியும் காரில் போய்க்கொண்டு இருந்தார்கள். சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் கார் கட்டுப்பாட்டை இழந்து மரத்தில் மோதியது. கதவைத் திறக்க முடியாதபடி கார் சிக்கிக்கொண்டது. தீ பிடித்தது. கணவன், மனைவி இருவருமே கருகி மாண்டார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்டுத் தமிழ்நாடே கண் கலங்கியது.

இவர்கள் கார் ஓட்டத் தெரியாதவர்களா? இல்லை. நம்மில் எவரையும்விட நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், போன மாதம் புதுக் கார் வாங்கிய வாலிபனின் நிலை என்ன?

நான்கு உள்ளங்கை

கார் ஏன் கையை மீறுகிறது?

பல கார்களின் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல் இருக்கும். அவ்வளவு பெரிய வண்டி தரையைத் தொடுவது எவ்வளவு இடத்தில் தெரியுமா? ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான் சாலையைத் தொடுகிறது. நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை! காரை ஓட்டுவதும், திருப்புவதும், நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிதான்.

அந்தப் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால் கார் உங்கள் பேச்சைக் கேட்காது. ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும், அது போன திசையிலேயே போகும்.

ஒரு கணக்கைப் பாருங்கள்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், காய்ந்த நல்ல சாலையில் பிரேக்கை அழுத்திய பிறகு சுமார் 9 மீட்டர் ஓடி நிற்கும். வேகம் 80 ஆனால் எவ்வளவு ஓடும்? 18 மீட்டர் என்று நினைப்பீர்கள். அதுதான் தப்பு! சுமார் 36 மீட்டர் ஓடும். வேகம் 120 ஆனால் சுமார் 80 மீட்டர் ஓடும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் தூரம் நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கு ஆனால் தூரம் ஒன்பது மடங்கு!

இதுவும் முழுக் கணக்கு அல்ல. கண்ணால் ஆபத்தைப் பார்த்து, காலால் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடியாவது ஆகும். 120 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடிக்குள் கார் 33 மீட்டர் போய்விடும். ஆக மொத்தம் 110 மீட்டருக்கு மேல். சோழவரம் ஓடுதளத்தில் அது பெரிய தூரம் அல்ல. ஊர்த் தெருவில் அதற்குள் பத்து வீடுகள் வந்துவிடும்.

ஏரிக்கரை வளைவு

திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய சாலையை விட்டு இறங்கினால், கிராமத்துச் சாலைகள் ஏரிக்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகின்றன. ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம் பள்ளத்தில் வயல். கரை ஓரத்தில் பனை மரங்கள்.

அப்படிப்பட்ட ஒரு வளைவில், சாலை காய்ந்து சுத்தமாக இருந்தால் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் கார் திரும்பிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வளைவில் மணல் சிதறிக் கிடந்தால் டயரின் பிடி பாதியாகக் குறைந்துவிடும். அப்போது 45 கிலோமீட்டரைத் தாண்டினாலே கார் நழுவத் தொடங்கும்.

மணல் எங்கே இருந்து வரும்? சவுடு மண் ஏற்றிப் போகும் லாரிகளில் இருந்து வரும். அறுவடைக் காலத்தில் நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே காய வைப்பார்கள். வைக்கோலின் மேல் ஏறிய டயர் சோப்பின் மேல் வைத்த கால் போன்றது. முதல் மழை பெய்ததும் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும்.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரங்களில் தொழிற்சாலைகள் நிறைய உள்ளன. ஷிப்ட் முடிகிற நேரத்தில் தொழிலாளர்கள் சாலை ஓரமாக நடந்து வருவார்கள். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள். கார் கையை மீறினால், சாவது ஓட்டுகிறவர் மட்டும் அல்ல. ஒரு பாவமும் அறியாத அவர்களும்தான்.

சொகுசு செய்யும் ஏமாற்று வேலை

பழைய கார்களில் வேகம் கூடினால் வண்டியே எச்சரிக்கும். கதவு தடதடக்கும். ஸ்டீரிங் நடுங்கும். ஓட்டுபவர் பயந்து வேகத்தைக் குறைப்பார்.

இன்றைய விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரில் அந்த எச்சரிக்கை குறைவு. 120 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 60-ல் போவது போலத்தான் தோன்றும். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினால் போதும், கார் அம்பு போலப் பாயும்.

பல ஸ்போர்ட்ஸ் கார்களில் என்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை வெடுக்கென்று எடுத்தால் ஆபத்து. காரின் பாரம் முன்னால் சாயும். பின் சக்கரங்களின் பிடி தளரும். வால் பக்கம் வெளியே வீசும். கார் சுற்றிவிடும்.

இன்னொரு ஆபத்து சாலையின் விளிம்பு. இடது பக்கச் சக்கரங்கள் தார்ச் சாலையை விட்டு மண்ணில் இறங்கிவிடும். ஓட்டுபவர் திடுக்கிட்டு ஸ்டீரிங்கை வலது பக்கம் வெட்டி இழுப்பார். சக்கரம் விளிம்பில் ஏறியதும் கார் சாலையின் குறுக்கே பாயும். எதிரே பஸ் வந்தால்...?

என்ன செய்ய வேண்டும்?

சக்கரம் மண்ணில் இறங்கினால் பதறக் கூடாது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். கார் மெதுவான பிறகு, பின்னால் பார்த்து, நிதானமாகச் சாலையில் ஏற வேண்டும்.

காரின் பின்பக்கம் வலது புறம் நழுவினால் ஸ்டீரிங்கையும் வலது புறம் திருப்ப வேண்டும். இடது புறம் நழுவினால் இடது புறம். கண் மரத்தைப் பார்க்கக் கூடாது. போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் கை போகும்.

முன்பக்கம் நழுவிக் கார் திரும்ப மறுத்தால், ஸ்டீரிங்கை மேலும் மேலும் திருப்புவதால் பயன் இல்லை. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, டயருக்குப் பிடி கிடைக்க விட வேண்டும்.

இதை எல்லாம் படிப்பது எளிது. செய்வதற்கு ஒரு வினாடிகூடக் கிடைக்காது. ஆகவே உண்மையான வைத்தியம் ஒன்றுதான். வளைவு வருவதற்கு முன்பே, நேரான சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கருவி காப்பாற்றுமா?

உயிர் காக்கும் கருவிகள் பல வந்துவிட்டன. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட்டை 1959-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனி காரில் பொருத்தியது. அதை உருவாக்கியவர் நில்ஸ் போலின் என்ற என்ஜினீயர். மற்ற கம்பெனிகளும் அதைச் செய்துகொள்ள வால்வோ வழிவிட்டது. அதனால் பிழைத்த உயிர்கள் கணக்கில் அடங்காதவை.

திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் "ஏ.பி.எஸ்." கருவி, 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய கார்களுக்குக் கட்டாயம் ஆகிவிட்டது. கார் சுற்றத் தொடங்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நிறுத்தும் கருவியும் உண்டு.

ஆனால் எந்தக் கருவியும் அந்த நான்கு உள்ளங்கைகளைப் பெரிதாக்காது. இருக்கிற பிடியைச் சரியாகப் பயன்படுத்த மட்டுமே அவை உதவும். இல்லாத பிடியை உண்டாக்க எந்தக் கருவியாலும் முடியாது.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 100-க்கு 71 பேரின் சாவுக்கு அதிக வேகமே காரணம் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அத்தனை வீடுகளிலும் அன்று அடுப்பு எரியவில்லை.

வேகத்துக்கும் இடம் உண்டு

வேகம் பாவம் அல்ல. அதற்கு இடம் வேறு.

சோழவரத்துக்குப் பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகப் பந்தயக் களம் அமைத்தது. அதன் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். 2005-ம் ஆண்டில் "பார்முலா ஒன்" பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தொடக்க காலத்தில் ஓட்டிப் பழகிய களம் அது.

பந்தயக் களத்தில் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிகிறார். உடலை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட் போடுகிறார். டாக்டரும் ஆம்புலன்சும் தயாராக நிற்கின்றன. ஆபத்து என்றால் கொடி காட்டி எச்சரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். எதிரே எந்த வண்டியும் வராது.

இவ்வளவு இருந்தும், 2023-ம் ஆண்டு ஜனவரி 8-ந்தேதி அதே களத்தில் நடந்த பந்தயத்தில், அனுபவம் மிக்க வீரர் கே.இ.குமார் விபத்தில் இறந்து போனார். அவருக்கு வயது 59.

எல்லாப் பாதுகாப்பும் உள்ள இடத்திலேயே வேகம் உயிரைக் கேட்கிறது. ஒரு பாதுகாப்பும் இல்லாத ஏரிக்கரைச் சாலையில் அது எத்தனை உயிர்களைக் கேட்கும்?

மகன் கையில் கார் சாவியைக் கொடுக்கும் தந்தை, இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பந்தய வீரனுக்குப் பரிசுக் கோப்பை காத்திருக்கிறது. ஊர்ச் சாலையில் போகிறவனுக்காகக் காத்திருப்பது, வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து இருக்கும் தாய்.

பத்து நிமிடம் தாமதமாகப் போனால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.