இதயத் தமனிச் சிகிச்சையின்போது நேரும் பெருந்தமனிப் பிளவு

இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெரிய குழாய் பெருந்தமனி. இதயத் தசைக்கான தமனிகள் அதன் தொடக்கத்திலேயே கிளைக்கின்றன. ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும்போது வடிகுழாயின் முனையோ, அழுத்தத்துடன் செலுத்தப்படும் சாயமருந்தோ அவ்விடத்தின் உட்சுவரைக் கீறிவிடக்கூடும். கீறல் வழியே புகும் இரத்தம் பெருந்தமனிச் சுவரின் அடுக்குகளைப் பிரிக்கும். இது மிக அரிது. பத்தாயிரம் பேரில் சிலருக்கே நேர்கிறது. இதற்கு அஞ்சி, தேவையான ஆஞ்சியோகிராமைத் தவிர்க்க வேண்டாம்.

பெரும்பாலும் சிகிச்சை மேசையிலேயே திரையில் தெரிந்துவிடும். பிளவு சிறிதாயின், தமனியின் வாயிலில் ஸ்டென்ட் பொருத்திக் கீறலை மூடி, இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, சி.டி. ஸ்கேன் மூலம் கண்காணிப்பர். பெருந்தமனியில் ஏறத்தாழ 4 செ.மீ.க்கு மேல் பரவினாலோ, இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிந்தாலோ, பொதுவாக அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும். இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் பழுதுற்ற பகுதியை அகற்றிச் செயற்கைக் குழாய் பொருத்துவர். தேவையெனில் பைபாஸும் உடன் செய்யப்படும். உறவினரிடம் சில நிமிடங்களில் ஒப்புதல் கேட்கப்படுவது இதனால்தான்.

வீடு திரும்பியபின் மார்பிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற திடீர் வலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருப்பது நம்மிடையே பரவலான வழக்கம்; ஆபத்தானதும் அதுவே. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியினர் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நோயாளியை இருசக்கர வாகனத்தில் அமர்த்திச் செல்ல வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ளது. டிஸ்சார்ஜ் சம்மரியை உடன் எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல், கடைசியாக உட்கொண்ட நேரத்தை மருத்துவரிடம் தெரிவியுங்கள். அறுவை சிகிச்சையில் இரத்தப்போக்கை எதிர்கொள்ள அத்தகவல் தேவை.