காற்றும் நீரோட்டமும் எதிர்த்தால்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பல கரையோர முகாம்களில் வாழ நேர்ந்தது. மண்ணை அறிந்த நாம் கடலையும் அறிய வேண்டியவர்களானோம்.

அலையை எழுப்புவது காற்று; அதன் வடிவை மாற்றுவதில் நீரோட்டத்துக்கும் பங்குண்டு. இரண்டும் ஒரே திசையிற் சென்றால் அலை நீண்டு தாழும். எதிர்த்தாலோ அலைகள் நெருங்கி, உயர்ந்து, செங்குத்தாகி உடையும். இறைப்பு வாய்க்காலில் எதிர்காற்று வீசும்போது நீர் சிலிர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். கடலில் அதுவே சிறு வள்ளத்தைக் கவிழ்க்கவல்லது.

சோளகம் ஒரே சீராக வீசினாலும், நீரோட்டம் எதிராகத் திரும்பினால் சற்றுமுன் அமைதியாயிருந்த கடல் குழம்பிவிடும். ஆகவே வள்ளமேறுமுன் பனையோலையின் அசைவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதிருப்போம். நீரோட்டம் எப்பக்கம், எப்போது திரும்பும் என்று அனுபவமுள்ள கடற்றொழிலாளரிடம் கேட்போம். உயிர்காப்பு அங்கி அணிவோம். கேட்டறிவது தாழ்வல்ல, அது நம் பிள்ளைகளைக் கரைசேர்க்கும்.