படத்தைத் திறப்பது யார் முடிவு?

கணினியில் உள்ள ஒரு புகைப்படத்தின் மீது இருமுறை சொடுக்கினால் படம் திறக்கிறது. எந்த மென்பொருளில் திறக்க வேண்டும் என்று கணினி நம்மைக் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கான விடையை இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. இதுவே இயல்புநிலைத் தேர்வு (டீஃபால்ட்) எனப்படுகிறது. பார்த்தால் போதும் என்று கருதும் படம், திருத்தும் வசதிகள் நிறைந்த கனமான மென்பொருளில் மெதுவாகத் திறப்பதை நம்மில் பலர் கணினியின் குணம் என்று எண்ணிச் சகித்துக்கொள்கிறோம். உண்மையில் அது மாற்றக்கூடிய ஓர் அமைப்பு மட்டுமே.

இந்த முடிவை விண்டோஸ் எப்படி எடுக்கிறது? கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது ஆராய்வதில்லை. பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பிறகு வரும் ஜேபிஜி, பிஎன்ஜி போன்ற பின்னொட்டைப் பார்க்கிறது. ஒவ்வொரு பின்னொட்டுக்கும் எந்த மென்பொருள் உரியது என்ற பட்டியல் கணினிக்குள் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள மென்பொருளை அழைத்துக் கோப்பை ஒப்படைப்பதுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

எளிய இந்த ஏற்பாட்டை அறியாமல் இருப்பதன் விலையை 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. பிலிப்பின்ஸில் தோன்றி மின்னஞ்சல் வழியே பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல், காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பாக வந்தது. அதன் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோலத் தோன்றியதால், வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பிப் பலர் திறந்தனர். ஆனால், அதற்கும் பின்னே 'விபிஎஸ்' என்ற உண்மையான பின்னொட்டு இருந்தது. அறிமுகமான பின்னொட்டுகளை மறைத்துவைப்பது விண்டோஸின் இயல்புநிலை. 'விபிஎஸ்' கோப்பைச் சொடுக்கியதும் நிரலாக இயக்கிவிடுவதும் அதன் இயல்புநிலை. இவ்விரண்டும் சேர்ந்து பேரழிவுக்கு வழிவகுத்தன. கணினியிலிருந்த ஜேபிஜி படங்களை அந்த நிரல் அழித்து, அதே பெயருடன் 'விபிஎஸ்' சேர்த்துத் தன் நகலை அங்கே வைத்தது. குடும்பப் புகைப்படம் என்று நினைத்துச் சொடுக்கியவர், நச்சுநிரலை மீண்டும் ஒருமுறை இயக்கினார்.

எனவே, பின்னொட்டுகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பதே முதல் கடமை. விண்டோஸ் 11இல் கோப்புறையின் 'வியூ' பட்டியலில் 'ஷோ' என்பதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவை தெரியும். அடுத்து, படத்தின் மீது வலப்பக்கம் சொடுக்கி, 'ஓபன் வித்', 'சூஸ் அனதர் ஆப்' என்று சென்று, விரும்பும் மென்பொருளைத் தெரிவு செய்து 'ஆல்வேஸ்' என்பதை அழுத்தினால், அவ்வகைப் படங்கள் எல்லாம் இனி அதிலேயே திறக்கும். ஆப்பிள் மேக் கணினியில் படத்தைத் தெரிவு செய்து 'கெட் இன்ஃபோ'வைத் திறந்து, 'ஓபன் வித்' பகுதியில் மென்பொருளை மாற்றி, 'சேஞ்ச் ஆல்' என்பதை அழுத்த வேண்டும். ஜேபிஜிக்குச் செய்த மாற்றம் பிஎன்ஜிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வகைக்கும் தனியே செய்ய வேண்டும். இதனால் படத்துக்கு எந்தச் சேதமும் நேராது. திறக்கும் கருவி மட்டுமே மாறுகிறது.

சில நிமிட வேலைதான். ஆனால், பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை என்பதை நிறுவனங்கள் நன்கறியும். விண்டோஸ் 7இல் படங்களைத் திறந்துவந்த 'விண்டோஸ் ஃபோட்டோ வியூவர்' 2015இல் வெளியான விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்படவில்லை. புதிதாக நிறுவிய கணினிகளில் ஜேபிஜி போன்ற வழக்கமான படங்களுக்கான தேர்வுப் பட்டியலிலிருந்து மட்டும் அது மறைந்தது. கணினியின் உட்பதிவேட்டைத் திருத்தத் தெரிந்தவர்களால் மட்டுமே அதை மீட்க முடிந்தது. இருக்கும் ஒன்றைக் கண்ணில் படாமல் வைப்பதும் ஒருவகை மறுப்பே.

படம் பார்க்கும் மென்பொருளில் இது சிறு எரிச்சல். இணைய உலாவியிலும் தேடுபொறியிலும் இதே உத்தி பெரும் வணிகம். உலாவியைத் தெரிவு செய்யும் திரையைப் பயனர்களுக்குக் காட்டுவதாக அளித்த உறுதியை மீறியதற்காக, ஐரோப்பிய ஆணையம் 2013இல் மைக்ரோசாஃப்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிற நிறுவனங்களின் கருவிகளில் இயல்புநிலைத் தேடுபொறியாக இருப்பதற்காக கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் செலுத்தியது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிப்பட்டது. இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்ததுடன், கைப்பேசியை முதன்முதலில் அமைக்கும்போதே தேடுபொறியைப் பயனர் தெரிவு செய்ய வழிசெய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. யாரும் மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் இவ்வளவு விலை.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. எந்த மென்பொருளும் தன் விருப்பப்படி இந்தப் பட்டியலைத் திருத்தலாம் என்று விட்டால், புதிதாக நிறுவப்படும் ஒவ்வொன்றும் எல்லாக் கோப்புகளையும் தன்வசமாக்கிக்கொள்ளும். அதனால்தான் விண்டோஸ் 8 முதல், பயனரின் தேர்வு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டுடன் பதியப்படுகிறது; குறியீடு பொருந்தாத மாற்றம் செல்லாது. பிற மென்பொருள்களுக்கு எதிரான இத்தகைய பூட்டு தேவைதான். ஆனால், அதன் சாவி கணினியின் உரிமையாளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பள்ளிகளில் கணினிக் கல்வி என்றால் ஆவணம் தட்டச்சு செய்யவும் படம் வரையவும் கற்றுத் தருவதுடன் நின்றுவிடக் கூடாது. கோப்பின் பின்னொட்டு என்றால் என்ன, இயல்புநிலையை அமைத்தவர் யார், அதை மாற்றுவது எப்படி என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். விலை கொடுத்து வாங்கிய கருவியில் பிறர் எடுத்துவைத்த முடிவுகளை ஏற்பதோ மாற்றுவதோ நம் விருப்பம். அப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பதையே அறியாதவருக்கு விருப்பம் என்ற ஒன்று இல்லை.