முதலாளி மறைந்தபின் பேரேட்டுப் பாக்கி யாருக்கு?



நமது தொழிலில் சரக்கு பாதி, கடன் பாதி. கிட்டங்கியில் உள்ள மூட்டைகளை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். வெளியில் நிற்கும் பாக்கி முதலாளிக்கும் பேரேட்டுக்கும் மட்டுமே தெரியும். அந்த முதலாளி காலமாகிவிட்டால், பாக்கியைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கு? "மகனுக்குத்தான், இதில் என்ன சந்தேகம்?" என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால், மகன் என்ற உறவு மட்டும் போதாது. நீதிமன்றம் ஒரு சான்றிதழைக் கேட்கும். அது எது, எப்படிப் பெறுவது என்பதை மளிகைக்காரர், மண்டிக்காரர் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

இரண்டு சான்றிதழ்கள்

பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழம்பிப் போகிறவர்கள் அதிகம். தாசில்தார் அலுவலகத்தில் பெறுவது வாரிசுச் சான்றிதழ். இறந்தவருக்கு மனைவி யார், மக்கள் யார் என்பதை அது சொல்லும். பட்டா மாற்றம் போன்ற காரியங்களுக்கு அது உதவும். கடன் பாக்கிக்கு வழக்குப் போட்டால் அது போதாது.

நீதிமன்றத்தில் பெறுவது வாரிசுரிமைச் சான்றிதழ். 'சக்சஷன் சர்டிபிகேட்' என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 214-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: இறந்தவருக்கு வரவேண்டிய கடனை அவருடைய வாரிசு என்ற முறையில் ஒருவர் கேட்டால், இந்தச் சான்றிதழையோ, உயிலை மெய்ப்பித்துப் பெறும் புரொபேட்டையோ, நிர்வாக உரிமைப் பத்திரத்தையோ காட்டாதவரை கடன்காரர் மீது நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கக் கூடாது.

ஒரு மொத்த வியாபாரிக்கு 40 கடைகளில் 12 லட்சம் ரூபாய் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் திடீரென்று மறைந்துவிட்டால் நாணயமானவர்கள் வீடு தேடி வந்து கொடுத்துவிடுவார்கள். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. "அண்ணாச்சியிடமே கணக்கு முடித்துவிட்டேனே" என்று சொல்லுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் வசூலிக்க வழக்குதான் வழி. சான்றிதழ் தேவைப்படுவது அங்கேதான்.

மனுப் போடும் முறை

இறந்தவர் வழக்கமாகக் குடியிருந்த ஊர் எந்த மாவட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே மனுப் போட வேண்டும். இதற்கென அதிகாரம் தரப்பட்ட கீழ் நீதிமன்றம் உண்டா என்பதை வக்கீல் சொல்வார். கடன்காரர்கள் எத்தனை ஊர்களில் இருந்தாலும், ஊருக்கு ஒரு மனு என்று அலைய வேண்டியதில்லை.

மனுவில் இறந்த தேதி, குடியிருந்த இடம், குடும்பத்தார் மற்றும் நெருங்கிய உறவினர் பெயர், முகவரி, மனுதாரருக்கு உரிமை வந்த விதம், வரவேண்டிய கடன்களின் விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ், பேரேட்டு நகல், பில் நகல் முதலியவற்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

வாரிசுகளில் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. இந்துக்கள் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் இறந்தவரின் தாயாரும் சம பங்குக்கு உரியவர். கட்டிக்கொடுத்த மகளையும் வயதான தாயாரையும் மறந்துவிட்டு மனுப் போட்டால், உண்மையை மறைத்துப் பெற்றது என்று பின்னால் சான்றிதழே ரத்தாகலாம். எல்லோரும் ஒத்துப்போய், ஒருவர் பெயரில் சான்றிதழ் பெற மற்றவர்கள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் காரியம் சுலபம்.

மனுவை ஏற்றதும் நீதிபதி விசாரணைக்கு நாள் குறித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவார். பத்திரிகையில் விளம்பரம் செய்யச் சொல்வதும் வழக்கம். சான்றிதழுக்கான கட்டணத்துக்குச் சமமான தொகையை மனுவுடனேயே கட்டிவைக்க வேண்டும். கட்டணம் கோரும் தொகையைப் பொறுத்தது. சில சமயம் ஜாமீன் பத்திரமும் கேட்பார்கள். பட்டியலில் ஏதாவது பாக்கி விட்டுப் போயிருந்தால், 376-ஆம் பிரிவின்படி அதே சான்றிதழில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் பெற்றவர் மொத்தப் பணத்துக்கும் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அது வசூலிக்கும் அதிகாரம் மட்டுமே. வசூலான பணத்தை மற்ற வாரிசுகளுக்கும் பங்குப்படி கொடுத்தாக வேண்டும்.

மூன்று வருடம் நிற்காது

கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு, தவணை ஏதும் பேசாதிருந்தால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடங்களுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசியிருந்தால், தவணை முடிந்த நாளிலிருந்து 3 வருடம். இது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ஓடத் தொடங்கிய காலம், முதலாளி இறந்துவிட்டார் என்பதற்காக நிற்காது. சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்து பாக்கியைக் காலாவதியாக விட்டுவிடக் கூடாது. வழக்கை உரிய காலத்தில் போட்டுவிட்டு, தீர்ப்பாணைக்கு முன்னால் சான்றிதழைக் கொடுக்கலாம்.

உயில் இருந்தால்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நம்மைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாக வைப்பது நல்லது. பின்னாளில் உயிலை மெய்ப்பிக்க அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

சென்னை நகருக்குள் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள அசையாச் சொத்து பற்றிய உயிலுக்கும் புரொபேட் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் 213-ஆம் பிரிவின்படி இந்துக்கள் முதலியோருக்கு நெடுங்காலம் இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இனிமேல் நீதிமன்றப் படியே ஏற வேண்டாம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். நீக்கப்பட்டது 213 மட்டுமே. கடன் பாக்கி பற்றிய 214 அப்படியே இருக்கிறது. ஆகவே கையில் உயில் இருந்தாலும், கடன்காரர் மீது தீர்ப்பாணை வாங்க மேலே சொன்ன ஆவணங்களில் ஒன்று தேவை. புரொபேட் என்பது உயிலில் நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டவருக்கே கிடைக்கும் என்பதால், உயில் எழுதும்போது அவர் பெயரையும் எழுதிவிட வேண்டும்.

கொடுக்க வேண்டியவர்களுக்கு

நாம் எல்லோரும் ஒருவருக்குக் கடன் கொடுத்தவர்கள். இன்னொருவருக்குக் கடன் பட்டவர்கள். நமக்குச் சரக்கு அனுப்பிய வியாபாரி இறந்தபின், அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் வந்து பணம் கேட்டால் யாரிடம் கொடுப்பது? சான்றிதழ் வைத்திருப்பவரிடம், அதில் குறித்த கடனை நல்லெண்ணத்தோடு கொடுத்தால் நமது கடன் தீர்ந்தது. 381-ஆம் பிரிவு நமக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. மற்றவர் நம்மிடம் மறுபடியும் கேட்க முடியாது.

அதே சமயம், வாரிசுகளுக்குள் எந்தத் தகராறும் இல்லாத வீட்டில், கைம்பெண்ணிடம் "சான்றிதழ் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிப் பணத்தை இழுத்தடிப்பது வியாபார தர்மம் ஆகாது. எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ரசீதுடன் கொடுத்துவிடலாம்.

இன்றே செய்யக் கூடியவை

வருடக் கணக்கு முடிக்கும்போது, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பாக்கித் தொகையைக் குறித்துத் தேதியுடன் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். 3 வருடம் முடிவதற்குள் வாங்கிய அந்தக் கையெழுத்து, அன்றிலிருந்து புதிதாகக் காலம் தரும். கணக்கு முடிந்துவிட்டது என்ற பேச்சுக்கும் இடமிராது. பேரேடு எங்கே இருக்கிறது, கம்ப்யூட்டரில் என்றால் அதை எப்படித் திறப்பது என்பது மனைவிக்கோ மக்களில் ஒருவருக்கோ தெரிந்திருக்க வேண்டும். துண்டுச் சீட்டிலும் மனதிலும் உள்ள பாக்கிகளைப் பேரேட்டில் ஏற்றிவிட வேண்டும். எழுத்தில் இல்லாத பாக்கியை எந்தச் சான்றிதழைக் கொண்டும் வசூலிப்பது கடினம்.

சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம்மில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறோம். தீ விபத்துக்குக் காப்பீடு எடுப்பதை யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை. இதையும் அதுபோலவே கருதி, வரும் வருடக் கணக்கிலிருந்தாவது தொடங்குவோம்.