தீவகத்தில் ஒரு வீடு – 6: பூட்டிய வீடு நிலைக்காது

ஆனியில் யாழ்ப்பாணத் தீவகத்தின் நயினை நாகபூசணி அம்மனுக்குக் கொடி ஏறும் நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்க இடம் கிடைக்காது. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று பல ஊர்களிலிருந்து பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் நம்மவர்கள் வந்து இறங்குகிறார்கள். திருவிழா முடிந்த பிறகும் பாடசாலை விடுமுறை தீரும்வரை பலர் தங்குகிறார்கள். புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளின் யன்னல்கள் திறக்கின்றன. முற்றத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். ஆவணி நெருங்கும்போது பனம்பழம் விழத் தொடங்கும். பனங்காய்ப் பணியாரத்தின் மணத்தைப் பேரப்பிள்ளைகள் முதல் முறையாக அறிகிறார்கள். பின்னேரம் சாட்டிக் கடலில் குளிப்பு, இரவில் ஒடியல் கூழ். ஓகஸ்ட் முடிய வீடுகள் மறுபடி பூட்டப்படுகின்றன.

சென்ற வாரம் ஓட்டையும் கூரை மரத்தையும் பார்த்தோம். இந்த வாரம், பூட்டிய பிறகு வரும் பத்து மாதங்களைப் பற்றிப் பேசவேண்டும். தீவகத்து வீடு கெடுவது அந்த மாதங்களில்தான்.

இந்த வீடுகள் ஒருமுறை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தவை. 1990, 1991 ஆண்டுகளில் போரினால் மண்டைதீவிலிருந்து புங்குடுதீவு வரை ஊர்கள் பெருமளவில் வெறுமையாகின. போனவர்களில் பலர் திரும்பவில்லை. 2009க்குப் பின் வெளிநாட்டுப் பணத்தில் எத்தனையோ வீடுகள் புதுக்கப்பட்டன, புதிதாகவும் கட்டப்பட்டன. அவற்றுள் சில, கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே வெடித்துக் கறள் கசிந்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

காரணம் உப்புக் காற்று மட்டுமல்ல. பழைய வீடுகளின் சுவர், கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கும். காற்றோட்டம் இருந்தால் வெளியே விட்டுவிடும். அந்தச் சுவரின் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படுகிறது, உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளிவிடுகிறது. பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் ஆண்டுக்கொரு வெள்ளையடிப்புமே பொருத்தம். புதிய கொங்கிறீற் வீட்டுக்கு வேறு ஆபத்து: கடற்கரை மணலும் உவர்நீரும் கலந்து குழைத்த கலவைக்குள் கம்பி கறள்பிடித்துப் பருத்துத் தூணைப் பிளக்கும். நெடுந்தீவுக்கு ஒவ்வொரு சீமெந்துப் பையும் படகேறித்தான் போகவேண்டும். அங்கே நல்ல மணலுக்கும் நன்னீருக்கும் செலவழிக்கத் தயங்கினால், அந்தச் செலவு பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

கறையானுக்கு வேண்டியது இருட்டும் ஈரமும் அமைதியும். வைரம் பாய்ந்த பனஞ்சலாகையை அது எளிதில் தொடாது. கதவு நிலையையும் அலுமாரியையும் விடாது. கிழமைக்கு ஒருமுறை கதவு யன்னலைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, சுவரோரத்தில் மண்புற்று ஏறுகிறதா என்று பார்க்க ஒரு கண் இருந்தால் போதும். மருந்துச் செலவில் பாதி மிஞ்சும்.

அடுத்தது கிணறு. தீவகத்தில் வீட்டின் மதிப்பைச் சொல்வது கிணற்று நீரின் சுவைதான். சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் மெல்லிய படலமாய் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்பதை எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு வருபவர்கள் பெரிய மோட்டரைப் பூட்டி, ஒரே மூச்சில் தொட்டி நிரப்பிக் குளிக்கிறார்கள். மழை கண்டு பல மாதமான யூலை, ஓகஸ்டில் இப்படி இறைத்தால் நம் கிணறும் உவரும், பக்கத்து வளவுக் கிணறும் உவரும். சிறிய மோட்டரால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே முறை. நீர் ஆழத்தில் இருக்கும் என்று குழாய்க்கிணறு தோண்டுவது உப்பைத் தேடிப் போவதாகும்.

தீவகத்தில் நன்னீரைத் தனிச்சொத்தாக மட்டும் பார்க்க முடியாது. புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்ட மக்களும் நன்னீர்க் கிணற்றில் அள்ளவேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் தம் ஊரிலேயே போராடினார். வெளிநாட்டிலிருந்து வந்து வளவுக்கு உயர்ந்த மதில் கட்டுபவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். கிணற்றடிக்கு வழி விடுங்கள். ஆண்டு முழுவதும் அயலவர் அள்ளும் கிணறு பாசி பிடிக்காது, நுளம்பும் பெருகாது.

அப்படியானால் வீட்டில் ஓர் ஊர்க் குடும்பத்தை இருத்தலாமே? இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். “இருக்க விட்டால் பத்து வருசத்தில் உறுதி அவர்களுக்குப் போய்விடும்” என்ற பயம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் பத்தாண்டைச் சொல்வது உண்மை. ஆனால் அது சொல்வது உரிமையாளருக்கு எதிரான, அவரைச் சாராத ஆட்சியை. உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவரின் இருப்பு அத்தகையதல்ல. அந்த அனுமதியை எழுத்தில் வைப்பதே காவல். ஒரு நொத்தாரிசிடம் போய் உடன்படிக்கை எழுதி, காலம் குறித்து, உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம். போரினால் காணிக்குப் போக முடியாதிருந்த 1983 முதல் 2009 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி தந்தது. அந்தச் சலுகைக்கும் கால எல்லை இருந்தது. இனி நம் காணியைக் காப்பது நம் கவனமே.

எழுதும்போது எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து ஒப்பமிடவேண்டும். முதுசமாக வந்த வீட்டுக்கு ஐந்து சகோதரர் ஐந்து நாட்டில் இருப்பார்கள். அண்ணன் கூரை வேய்ந்தார், தங்கை கிணறு இறைத்தாள், மற்றவர் ஒன்றும் தரவில்லை என்ற மனத்தாங்கல்தான் கறையானைவிட விரைவாக வீட்டைத் தின்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுக்கணக்கு திறந்து, வரவு செலவை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

வேலைக்கும் காலம் நமக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது. நாம் வந்து நிற்கும் யூலை, ஓகஸ்ட் அதற்கு முந்திய வறண்ட காலம். ஓடு மாற்ற, பீலி துப்புரவாக்க, வெள்ளையடிக்க, நீர் வற்றிய கிணற்றில் சேறு அள்ள இதுவே நேரம். கூரைநீரைத் தொட்டிக்கும் மிகுதியைக் கிணற்றடிக்கும் திருப்பிவிட்டுப் போனால், அடுத்த விடுமுறைக்கான தண்ணீரை மாரி தந்துவிடும். பிள்ளைகளையும் இந்த வேலைகளில் சேருங்கள். தன் கையால் வெள்ளையடித்த சுவரைப் பிள்ளை மறக்காது.

இந்த ஆண்டு பூட்டைப் போடுமுன் ஒன்று செய்யுங்கள். திறப்பை உங்களோடு விமானத்தில் கொண்டுபோகாதீர்கள். எழுத்தும் சம்பளமும் மரியாதையும் கொடுத்து, வீடில்லாத ஓர் ஊர்க் குடும்பத்திடம் ஒப்படையுங்கள். உங்கள் வீடும் நிற்கும், ஊரில் ஒரு குடும்பமும் நிற்கும்.

(தொடரும்)