பாதி மரம், பாதி கான்கிரீட்: சூடாகும் தரையில் டைல்ஸ் பதிக்கும் முன்

பிள்ளைச்சாவடியில் தரையைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. சித்திரை வெயில் அந்த வேலையை இலவசமாகவே செய்துவிடுகிறது. ஆனால் 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சில் வீடு வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். அப்படி ஒரு தம்பி சென்ற மாதம் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். மார்க்கச் சட்டம் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் கேட்டது டைல்ஸ் பற்றி. பள்ளிவாசல் தரை வேலையை இரண்டு முறை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் என்பதால் இருக்கலாம்.

பாரிசுக்கு அருகே அவர் வாங்கிய பழைய வீட்டில் நடுச்சுவரை எடுத்து இரண்டு அறையை ஒன்றாக்கியிருக்கிறார். ஒரு பாதி கான்கிரீட் தரை. மறு பாதி நிலவறைக்கு மேல் மர உத்தரத்தில் பலகை அடித்தது. கான்கிரீட் பக்கம் நாலு சென்டிமீட்டர் தாழ்வு. டிசம்பரில் பிள்ளைச்சாவடியிலிருந்து தாயார் வருகிறார். முழங்கால் வலிக்காரர், குளிர்ந்த தரையில் தொழச் சிரமம். அதற்குள் டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி வலை விரித்துத் தரையைச் சூடாக்க வேண்டும். ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்கிறார் அங்குள்ள மேஸ்திரி. "ஹஜ்ரத், நம்ம வீட்டுத் தரை மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார்.

அந்தத் தரையை நாம் பார்த்திருக்கிறோம். பழைய ரெட் ஆக்சைடு கூடத்தோடு புதிதாக மணல் நிரப்பிக் கட்டிய தாழ்வாரத்தைச் சேர்த்து, இரண்டின் மேலும் ஒரே இழுப்பாக டைல்ஸ் ஒட்டினார்கள். ஒரு வருடத்துக்குள், பழைய சுவர் இருந்த கோட்டிலேயே நூல் பிடித்தாற்போல் விரிசல். குற்றம் டைல்ஸில் இல்லை. பழைய தரை அசையவில்லை, புதியது இறங்கியது.

சூடாகும் தரையில் இந்த இழுபறி தினமும் நடக்கும். ஆறு மீட்டர் நீளக் கான்கிரீட் பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் நீளும். அதே நீளப் போர்சலின் டைல்ஸ் 0.4 அளவே நீளும். மரத்தின் கதை வேறு. சூட்டைவிட ஈரம்தான் அதை ஆட்டுவிக்கிறது. காய்ந்தால் அகலத்தில் சுருங்கும். பத்து சென்டிமீட்டர் பலகையில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையலாம். நடந்தால் வளையவும் செய்யும்.

அதனால் மரப் பக்கத்தில் முதலில் ஆடும் பலகைகளை ஆணியால் அல்ல, ஸ்குரூவால் இறுக்க வேண்டும். அதன்மேல் டைல்ஸுக்கென்றே வரும் சிமெண்ட் பலகை. ஈரக் கலவை கொட்டிச் சமன் செய்யும் யோசனை வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் நூறு கிலோ ஏறும். உத்தரம் தாங்குமா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

கான்கிரீட் பக்கத்துத் தாழ்வைக் கலவையால் நிரப்பலாம். ஆனால் அது காய வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது தொழில்காரர்களின் பொதுக் கணக்கு. நாலு சென்டிமீட்டருக்கு நாற்பது நாள். மேலே காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேல்காய்ச்சலுக்கு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்களின் சம்பவம்தான் நமக்கு நினைவுக்கு வந்தது. இங்கே கைவிட முடியாது. கலவையைக் கொஞ்சம் பெயர்த்துக் கார்பைடு குப்பியில் சோதிப்பார்கள். சூடாகும் தரைக்கு ஈரம் 1.8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஜெர்மானியர் வைத்திருக்கும் அளவு. வெந்நீர்க் குழாயைக் கலவைக்குள்ளேயே புதைக்கும் முறை என்றால் ஐரோப்பிய விதி இன்னும் கறார்: சிமெண்ட் கலவை போட்டு 21 நாள் பொறுத்து, மூன்று நாள் 20–25 டிகிரி நீரும், பிறகு நான்கு நாள் உச்ச அளவு வெப்பமும் ஓட்ட வேண்டும். டைல்ஸ் அதற்குப் பிறகுதான்.

முக்கியமானது பழைய சுவர்க் கோடு. அடியில் உள்ள அந்தப் பிரிவு டைல்ஸ் வரை மேலே வர வேண்டும். அங்கே கலவை அடைக்காமல் இழுபடும் சிலிக்கான் வைக்க வேண்டும். சுவரோரங்களிலும் இடைவெளி உண்டு. சூடேற்றும் கம்பி அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. இரு பாதிக்கும் தனித்தனி வலை. "அழகு கெடுமே" என்றார் தம்பி. டைல்ஸ் நிறத்திலேயே சிலிக்கான் கிடைக்கிறது.

ஒட்டுவதற்கு நெகிழும் வகைப் பசை. ஐரோப்பாவில் மூட்டையில் சி2 எஸ்1 என்று அச்சிட்டிருக்கும். நம்மூரில் சிலர் செய்வதுபோல் நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்து அமுக்கினால், அடியில் பொக்காக நிற்கும் இடத்தில் சூடு மேலே ஏறாது, கம்பியே கருகலாம். பசையும் இடுக்குக் கலவையும் முழுதாக இறுகும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது. பிறகும் தரையின் மேற்பரப்பு 28 டிகிரிக்கு மேல் போகாமல் தெர்மோஸ்டாட் வைக்க வேண்டும்.

தம்பி மேஸ்திரியிடம் பேசி நாற்பது நாளுக்கு ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார். தாயாரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்ததாம். டிக்கெட்டை பிப்ரவரிக்கு மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைச்சாவடி வீட்டில் அந்த விரிசல் கோட்டின் மேல் பாய் விரித்துத்தான் இப்போதும் தொழுகிறார்.